அப்பாவோட அப்பா எங்க பொறந்தார்?

போன மழைக்காலத்துல நாங்க நாலு பேர் சேர்ந்து ஒரு சின்ன வேலையில இறங்கினோம். எங்க லயத்துல இருக்கிற குடும்பங்களோட உறவுமுறைகளை ஒரு கிராஃப் தரவுத்தளமா போட்டு, அதுக்குக் கேள்வி கேட்க எங்களோட சொந்த மொழி ஒன்றை எழுதிப் பார்க்கணும்னு ஆசை. நியோ4ஜே இருக்கே, சைஃபர் இருக்கே, 2024இல் ஜிக்யூஎல் என்று ஐஎஸ்ஓ தரமே வந்துடுச்சே, அப்புறம் எதுக்கு இதுன்னு கேட்பீங்க. உண்மையைச் சொன்னா, மழை விடல, கரண்ட் விட்டு விட்டு வந்துச்சு, நெட் இல்ல. லைப்ரரி இறக்க முடியாதவன்தான் பார்சர் எழுதக் கத்துக்கிறான்.

மொழி ரொம்ப எளிமை. ஆட்கள் வட்டங்கள், உறவுகள் அம்புகள். கேள்வி இப்படி இருக்கும்:

தேடு (நான்)-[அப்பா]->(அ) எங்கே அ.பிறந்தநாடு = "இலங்கை" கொடு நான்

முதல்ல இந்த வரியைச் சொல் சொல்லாக உடைக்கணும். அடுத்து, உடைச்ச சொற்களை இலக்கணத்தோட ஒப்பிட்டு ஒரு மரமா அடுக்கணும்: எந்த வட்டத்துல தொடங்குறோம், எந்த அம்பு, எந்தத் திசை, என்ன நிபந்தனை. கடைசியா, அந்த மரத்தைப் பிடிச்சுக்கிட்டு தரவுக்குள்ள வட்டம் வட்டமா நடக்கணும். மூணே வேலை. ஆனா முதல் வேலையிலேயே எங்களுக்கு அடி விழுந்துச்சு.

பைத்தானில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் எழுதுறவங்க "சொல்லுக்குரிய எழுத்து" என்பதற்கு எல்லாரும் போடுற அந்தக் குறியைத்தான் நாங்களும் போட்டோம். "அப்பா" என்ற சொல் உள்ளே போய் "அப" என்றும் "ப" என்றும் ரெண்டு துண்டா வெளியே வந்துச்சு. புள்ளியும் துணைக்காலும் யூனிகோடில் தனி எழுத்துகள் இல்ல, ஒட்டுக்குறிகள். அந்தக் குறி அவற்றை எழுத்தாகவே கணக்கெடுக்கிறதில்ல. இதுல வேடிக்கை என்னன்னா, அதே பைத்தானில் "அப்பா" என்று ஒரு மாறிக்குப் பேர் வைக்கலாம், எந்தத் தகராறும் இல்ல. ஒவ்வொரு குறியோட யூனிகோடு வகையையும் பார்த்து, எழுத்தோ ஒட்டுக்குறியோ எதுவானாலும் சேர்த்துக்கோன்னு நாங்களே எழுதின பிறகுதான் அப்பா முழுசா வந்தார். தமிழ்ல நிரல் எழுதுறவங்க இதைக் குறிச்சு வச்சுக்குங்க, ஒரு நாள் மிச்சமாகும்.

அப்பாவைச் சேர்த்த பிறகு எதைக் கேட்கிறதுன்னு யோசிச்சப்போ, எங்கள்ல ஒருத்தி சொன்னாள்: "1948 சட்டத்தை எழுதிப் பார்ப்போமா?"

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தைப் பள்ளிக்கூடத்துல ஒரு பந்தியா படிச்சிருப்போம். நம்ம ஆட்களோட குடியுரிமையைப் பறிச்ச சட்டம், அவ்வளவுதான் ஞாபகம். அதையே கேள்வியா எழுத உட்கார்ந்தப்போதான், அது அச்சு அசலா ஒரு கிராஃப் கேள்வின்னு எங்களுக்கு உறைச்சுது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1948 நவம்பர் 15. அதுக்கு முன்ன இலங்கையில பிறந்த ஒருத்தர் வம்சாவளியால குடிமகன் ஆகணும்னா ரெண்டு வழிதான். ஒன்று, அவரோட அப்பா இலங்கையில பிறந்திருக்கணும். இல்லேன்னா, அப்பாவோட அப்பாவும் அவரோட அப்பாவும் இங்க பிறந்திருக்கணும். எங்க மொழியில ரெண்டாவது வழி இப்படி வரும்:

தேடு (நான்)-[அப்பா]->()-[அப்பா]->(தாத்தா)-[அப்பா]->(பூட்டன்) எங்கே தாத்தா.பிறந்தநாடு = "இலங்கை" மற்றும் பூட்டன்.பிறந்தநாடு = "இலங்கை" கொடு நான்

இதை ஒரு தடவை நிதானமா வாசிங்க. அம்மா என்ற அம்பே இதுல கிடையாது. மலைக்குப் போய் கொழுந்து எடுத்தவள், பிள்ளையைப் பெத்தவள், இந்தக் கேள்விக்கு ஒரு வட்டமாகக்கூடத் தெரிய மாட்டாள். அம்மா இங்கயே பிறந்திருந்தாலும் பொதுவா பிரயோசனமில்ல. (அப்பா மட்டும் என்பதை அப்பா அல்லது அம்மா என்று மாற்ற 2003 வரைக்கும் ஆச்சு, அந்த வருஷத்து 16ஆம் இலக்கத் திருத்தத்துலதான்.)

அதைவிட மோசமான ஒன்றை எங்க நிரலை ஓட்டின பிறகுதான் பார்த்தோம். தரவுக்கு நாங்க வீடு வீடா போய்க் கேட்டோம். அப்பா பேர் எல்லாருக்கும் தெரியும். தாத்தா பேர் பாதிப் பேருக்கு மேல தெரியும். தாத்தா எங்க பிறந்தார்னு கேட்டா, "செக்ரோல்ல பேர் இருந்துச்சு, பொறப்புச் சான்றிதழ் யாரு கண்டா" என்றார் ஒரு பெரியவர். ஆகவே நிறைய வட்டங்களில் பிறந்தநாடு காலி. கேள்வியை ஓட்டினோம். காலியாக இருந்தவர்கள் எல்லாரும் விடையிலிருந்து சத்தமே இல்லாம காணாமப் போனாங்க. பிழை இல்ல, எச்சரிக்கை இல்ல.

எங்க நிரல்ல தப்புன்னு நினைச்சு ராத்திரி பூரா தேடினோம். தப்பே இல்ல, எல்லா இடத்துலயும் இதுதான் வழக்கம். சைஃபரிலும் எஸ்க்யூஎல்லிலும் காலி மதிப்பை எதோட ஒப்பிட்டாலும் விடை "உண்மை"யும் இல்ல, "பொய்"யும் இல்ல, காலிதான். ஆனா நிபந்தனைப் பகுதி "உண்மை" வந்ததை மட்டும்தான் உள்ளே விடும். தெரியாததும் பொய்யானதும் ஒரே வாசல் வழியா வெளியே தள்ளப்படும். 1948க்குப் பிறகு தோட்டங்களில் நடந்ததும் இதேதான். இங்க பிறக்காதவரும், இங்க பிறந்ததைக் காட்டக் காகிதம் இல்லாதவரும் ஒரே வரிசையில நின்றாங்க. தோட்டத்துல பாட்டன் காலத்துப் பிறப்பைப் பதிஞ்சது யார்? பிரசவத்துக்குன்னு ஊருக்குக் கப்பலேறிப் போய், பிள்ளையோட திரும்பி வந்த குடும்பங்களோட கணக்கை யார் வைத்தது? 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட உட்கார்ந்தப்போ மேசையில இருந்தது 9,75,000 பேர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கலாம் என்றார்கள். அந்த மிச்சத்தையும் 1974இல் ஆளுக்குப் பாதியா பிரிச்சுக்கிட்டாங்க.

2003இல் வந்த 35ஆம் இலக்கச் சட்டத்தையும் எழுதிப் பார்த்தோம். 1964 அக்டோபர் 30இலிருந்து இங்க நிரந்தரமா வசிக்கிற இந்திய வம்சாவளி ஆள், அல்லது அவரோட வழித்தோன்றலா இங்க வாழுறவர், குடியுரிமை கேட்கலாம். இதுல படி எண்ணிக்கை இல்ல. அப்பா வழியா அம்மா வழியான்னும் இல்ல. எங்க மொழியில் [அப்பா|அம்மா*] என்று ஒரு நட்சத்திரம் போட்டா முடிஞ்சுது. அந்த நட்சத்திரம் வர 55 வருஷம்.

நட்சத்திரம் போட்டதும் இன்னொரு கூத்து. ஒரு வீட்டுக்கு ஓட்டினா ஒரே பூட்டன் ரெண்டு தடவை வந்தார். மாமன் மகளைக் கட்டின வீடு அது. அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பூட்டன், பூட்டி எட்டுப் பேர் இருக்க மாட்டாங்க, ஆறு பேர்தான். வம்சத்தை மரம் மரம்னு சொல்றோம், எங்க பக்கம் அது மரமே இல்ல. போன வட்டங்களைக் குறிச்சு வைக்காம நடந்தா ஒரே ஆளை ரெண்டு தடவை எண்ணிடுவோம். சைஃபர்காரங்களும் வழி வழியாத்தான் விடை தருவாங்க, ஒரே ஆள் ஒரு தடவைதான் வேணும்னா தனியா கேட்கணும்.

பேர் விஷயம் தனிக் கதை. நல்லதண்ணியையே எடுங்க. ஒரு காகிதத்துல டல்ஹவுசி, இன்னொன்றுல நல்லதண்ணிய. எதிர்ல நிக்கிற மலை எங்களுக்குச் சிவனொளிபாதமலை, மற்றவங்களுக்கு ஸ்ரீ பாத, வெள்ளைக்காரனுக்கு ஆதம்ஸ் பீக். மலைக்கே மூணு பேர் இருக்கலாம்னா, லெச்சுமிக்கும் லட்சுமிக்கும் என்ன குறை? எங்கள்ல ஒருத்தரோட அப்பாயி பேர் ஒரு காகிதத்துல ஒரு மாதிரி, இன்னொன்றுல வேற மாதிரி இருந்ததால ஒரு அலுவலகத்துல மூணு தடவை திருப்பி அனுப்பினாங்க. கணினிக்கும் அவங்க ரெண்டு வட்டம்தான், யாராவது உட்கார்ந்து சேர்த்து வைக்கிற வரைக்கும்.

எங்க நிரல்ல இப்போ ஒரு மாற்றம் செஞ்சிருக்கோம். விடை மூணு பெட்டியில வரும்: உண்டு, இல்லை, தெரியாது. மூணாவது பெட்டியில இருக்கிறவங்க பேரோட, எந்த வட்டத்துல எந்தத் தகவல் காலி என்பதும் சேர்ந்து வரும். இது பெரிய கண்டுபிடிப்பு இல்ல, சுமார் நாற்பது வரி நிரல். வேகமும் குறையுதுதான். எங்களுக்கு அவசரமில்ல.

நாட்டுக்கு டிஜிட்டல் அடையாள அட்டை வரப்போகுதுன்னு பேச்சு நடக்குது. வீட்டுத் திட்டம், காணி உறுதி, உதவித்தொகை எல்லாத்துக்கும் இனிமே பட்டியலை எடுக்கப்போறது ஏதோ ஒரு கேள்வி வரிதான். தகவலைப் பாதுகாப்பா வைங்கன்னு கேட்கிறவங்க இருக்காங்க, அதுவும் வேணும். நாங்க கேட்கிறது அந்தக் கேள்வி வரியை வெளியே காட்டுங்கன்னு. எந்த அம்பைப் பிடிச்சு எத்தனை படி நடக்குறீங்க, காலி வந்தா எந்தப் பெட்டியில போடுறீங்க? இதைக் கேட்க எங்க ஊர்ப் பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரிஞ்சிருக்கணும். தகவல் தொழில்நுட்பம்னா வேர்டும் எக்செல்லும்னு சொல்லி சர்டிஃபிகேட் குடுக்கிற வகுப்புகளால அது நடக்காது. ஒரு பார்சரைக் கையால எழுதினவனுக்குச் சட்டத்தோட ஒரு பிரிவை வாசிக்கிறதுல பயம் போயிடும். எங்களுக்குப் போச்சு.

நிரல் ஒரு பென் டிரைவ்ல இருக்கு. குடும்பத் தகவல் அதுல இல்ல, அதை யாருக்கும் தர மாட்டோம், எந்தக் கிளவுட்லயும் ஏத்தவும் மாட்டோம். மாதிரிக்கு பொய்ப் பேர் போட்ட ஒரு குடும்பம் வச்சிருக்கோம். வேணும்கிறவங்க ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வாங்க. டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரைக்கும் மலையேறுற கூட்டம், பஸ்ஸில நிக்கக்கூட இடம் கிடைக்காது, அதுக்கு முன்னாடியே வந்துடுங்க.