குதிரை பழக்குவோர்க்கும் இடையறாக் கல்வி வேண்டும்

குதிரை பழக்குந் தொழிலில் இருபது முப்பது வருஷம் கழித்தவர்களிடம், இன்னும் கற்றுக்கொள்ள வேண்டியவை உண்டு என்று சொன்னால், "குதிரையோடு பிறந்து வளர்ந்தவனுக்குப் பாடமா?" என்று கேட்பது வழக்கம். அனுபவத்தின் பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அனுபவமானது ஒருவன் செய்து வந்த வழக்கத்தை உறுதிப்படுத்துமேயொழிய, அவ்வழக்கம் சரியா தவறா என்பதைத் தானாக எடுத்துரைக்காது. தவறு நேர்ந்தால் அதன் பலனை அநுபவிப்பது வாயில்லாப் பிராணியே.

ஓர் உதாரணம் கூறுவோம். தடையைத் தாண்டும்பொழுது சவாரிக்காரன் பின்புறம் சாய்ந்திருக்க வேண்டுமென்று ஐரோப்பாவின் குதிரைப்படைகளில் நெடுங்காலம் போதித்து வந்தனர். இத்தாலியக் குதிரைப்படை அதிகாரியாகிய பெடரிகோ கப்ரில்லி (1868–1907) என்பவர் குதிரைகள் தாண்டும் விதத்தை ஊன்றிக் கவனித்து, சவாரிக்காரன் உடலை முன்னே கொண்டுசென்று, குதிரையின் கழுத்துக்குத் தடையின்றி இடங்கொடுப்பதே பொருத்தமென்று காட்டினார். இன்று உலகெங்கும் தாண்டு சவாரிக்கு அடிப்படையாயிருப்பது அம்முறையே. முன்னிருந்த ஆசான்கள் அனுபவத்திற் குறைந்தவர்களல்லர். ஆயினும் கற்றது போதுமென்றிருந்தார்கள்.

தான் கற்பிப்பது இன்னதென்பதைப் பழக்குவோனே அறியாதிருத்தலும் உண்டு. பெர்லின் நகரத்து ஹான்ஸ் என்னும் குதிரை, கணக்குகளுக்குக் குளம்பைத் தட்டி விடை சொல்லுகிறதென்று 1904-ஆம் ஆண்டில் பெரும் பேச்சாயிருந்தது. ஆஸ்கர் புங்ஸ்ட் என்பவர் 1907-இல் வெளியிட்ட ஆராய்ச்சியினால் உண்மை விளங்கிற்று. கேட்பவருக்கே விடை தெரியாதபொழுதும், கேட்பவரைக் குதிரை காணாதபொழுதும் கணக்குத் தவறியது. சரியான எண் வந்தவுடன் கேட்பவரின் தலை அவரையறியாமலே இம்மியளவு அசைய, அதைக் கண்டு குதிரை தட்டுவதை நிறுத்தியது. இவ்வளவு நுட்பமாக நம்மைக் கவனிக்கும் ஜீவனுக்குக் கடிவாளத்தை இழுப்பதைக் காட்டிலும், அதைத் தளர்த்தும் கணமே பாடமாகிறது. ஏவியபடி நடந்தவுடன் தளர்த்தினால் அது கற்றுக்கொள்ளும். நடந்த பின்னும் இழுத்துக்கொண்டேயிருந்தால், கீழ்ப்படிவதால் பிரயோஜனமில்லை என்பதையே கற்கும்.

முரட்டுக் குதிரை என்று தள்ளப்படுபவற்றுட் சில, நோவினால் வருந்தும் குதிரைகளாயிருக்கும். குதிரையின் கடைவாய்ப் பற்கள் பல வருஷகாலம் வளர்ந்து வெளிப்பட்டுக்கொண்டே தேய்வன. தேய்மானத்தால் மேற்பற்களின் வெளியோரமும் கீழ்ப்பற்களின் உள்ளோரமும் கூராகிக் கன்னத்தையும் நாக்கையும் புண்ணாக்கும். அந்த வாயில் இரும்பை இட்டு இழுத்தால் தலையை உதறாமல் வேறென்ன செய்யும்? வருஷத்திற்கு ஒரு முறையேனும் கால்நடை மருத்துவரைக்கொண்டு பற்களைச் சோதித்து அராவுவித்தால் தீரக்கூடிய குற்றத்திற்குச் சவுக்கை எடுக்கிறோம். பின்பு இன்னுங் கடுமையான கடிவாளத்தைத் தேடுகிறோம். அதுவும் பலியாவிடில் வந்த விலைக்கு விற்றுவிடுகிறோம். இதனால் குதிரைக்கு வேதனையும், உடையவனுக்கு நஷ்டமும், வாங்குவோனுக்கு அபாயமுமே மிச்சம்.

எழுத்தறியாதவர்க்கு இக்கல்வி எங்ஙனம் இயலுமென்று சிலர் ஆட்சேபிக்கலாம். இதற்குக் கண்ணும் கையுமே முதல் தேவை. ஈரோடு மாவட்டத்து அந்தியூரில், ஆடி மாதத்துக் குருநாதசுவாமி திருவிழாச் சந்தைக்குக் குதிரைகள் திரளாக வருகின்றன. அங்கே ஒரு பந்தலிட்டு, மருத்துவர் பல்லின் நிலையைக் காட்டவும், தேர்ந்த லாடக்காரர் குளம்பு சீவி லாடங் கட்டும் முறையைச் செய்துகாட்டவும் ஏற்பாடு செய்தல் அரிய காரியமன்று. உதகையிலும் சென்னைக் கடற்கரையிலும் சவாரி விட்டுப் பிழைப்போர்க்கு ஒரு நாட் கூலியை இழப்பது பெரிது. ஆகையால் அவர்களுக்குக் கூட்டமில்லாத நாட்களில், அவர்களிருக்கும் இடத்திலேயே இதனை நடத்துதல் வேண்டும். ஒரு முறை நடத்தி விட்டுவிடாமல் வருஷந்தோறும் தொடர்வதே முக்கியம்.

அதுவரையில் குதிரை வைத்திருப்போர் தாமே செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. குதிரை முரண்டு செய்தால், சவுக்கை எடுக்குமுன் அதன் வாயையும், சேணத்தின் அடியிலுள்ள முதுகையும், நான்கு குளம்புகளையும் பார்க்கக் கடவர். அங்கே குற்றமொன்றுங் காணாவிடில், கடிவாளம் பிடித்த தம் கையைக் கவனிப்பாராக.