பத்தாயிரத்தில் ஒருவர்

கம்ப்யூட்டரில் அப்டேட் வந்தாலே நம் வயதுக்காரர்களுக்கு ஒரு பயம். அது வீண் பயம் என்று நான் சொல்ல மாட்டேன்.

2018 அக்டோபர் 2ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10க்கு ஒரு பெரிய அப்டேட் கொடுத்தது. டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற ஃபோல்டர்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, பழைய இடத்திலும் ஃபைல்களை விட்டுவைத்திருந்த சிலருக்கு, அந்தப் பழைய ஃபைல்கள் எல்லாம் அழிந்து போயின. சில நாட்களில் அப்டேட்டை நிறுத்தினார்கள். சரிசெய்து மறுபடி கொடுத்தது நவம்பர் 13இல்.

அந்த ஆறு வாரங்கள்கூடப் பரவாயில்லை. என் கோபம் வேறு. அப்டேட் வெளிவருவதற்கு முன்பே, சோதித்துப் பார்த்தவர்களில் சிலர் ஃபைல்கள் அழிவதாகக் கம்பெனிக்கு எழுதியிருந்தார்கள். அந்தப் புகார்களுக்கு ஆதரவு ஓட்டு அதிகம் விழவில்லை. அதனால் குவியலுக்கு அடியில் கிடந்துவிட்டன.

ஆஸ்பத்திரிக்கு நெஞ்சு வலி என்று வருபவரை, இன்றைக்கு ஜலதோஷக்காரர்கள்தான் அதிகம் என்று சொல்லிக் காக்க வைப்பார்களா?

ஃபைல் போனதாகப் புகார் செய்தவர்கள் பத்தாயிரத்தில் ஒருவர்தான் என்றது மைக்ரோசாஃப்ட். இருக்கட்டும். அந்த ஒருவருக்குப் போனது மறைந்த மனைவியின் படங்களாக இருந்தால்?

பிறகுதான், பிரச்சினை எவ்வளவு கடுமையானது என்று புகாரிலேயே குறிக்க வழி செய்தார்கள். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை.

நம் படங்களுக்கு நாம்தான் காவல். அடுத்த அப்டேட்டுக்கு முன், எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்து வையுங்கள்.