ஐந்து தடவை ஓடினால் போதுமா?

வினையூக்கி என்றதும் கல்யாணத் தரகர் உதாரணத்தைத்தான் நமக்குச் சொல்லுவாங்க. பொண்ணையும் மாப்பிள்ளையையும் சேர்த்து வைத்துவிட்டு, தான் மாறாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். வனஸ்பதி ஆலையில் நிக்கல் செய்வது இந்த வேலைதான். எண்ணெயில் ஹைட்ரஜனை ஏற்றும். ஃபில்டர் பிரஸ்ஸில் வடிகட்டினால் மறுபடி வேலைக்கு வரும்.

இப்போது நானோ காலம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரில், வடம் கைக்கு எட்டுகிறவன்தான் இழுக்கிறான். கூட்டத்துக்குள் மாட்டியவன் வேடிக்கைதான் பார்க்கிறான். உலோகத்திலும் மேற்பரப்பு அணுவுக்குத்தான் வேலை. பொடியாக்கப் பொடியாக்க மேற்பரப்பு கூடும். ஆனால் பொடித் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் சிலிக்கா, கார்பன் போன்ற தாங்கிகளில் உட்கார வைக்கிறார்கள். தாங்கி காந்த இரும்பு ஆக்சைடாக இருந்தால் வடிகட்டவே வேண்டாம், காந்தத்தைக் காட்டினால் போதும்! தாங்கி இல்லாமலும் முயன்றிருக்கிறார்கள். திருச்சி என்.ஐ.டி.யில் கணேஷ் பாபுவும் கர்வேம்புவும் 2011-ல் காப்பர் ஆக்சைடு நானோ துகளையே பென்சிமிடசோல் வினை ஒன்றுக்குத் திரும்பப் பயன்படும் வினையூக்கியாக வெளியிட்டார்கள். பல்லேடியம் விலைக்குத் தாமிரம் எவ்வளவு மலிவு!

எனக்கு ஒரு குறை உண்டு. இந்தத் துறைக் கட்டுரைகள் பலவற்றில் ‘ஐந்து தடவை பயன்படுத்தினோம், விளைச்சல் குறையவில்லை’ என்று முடித்துவிடுகிறார்கள். ஐந்து என்ன கணக்கு? ராஜபாளையம் மில்லுக்குப் போய், ‘இந்த பேரிங் ஐந்து ஷிப்டு ஓடுச்சு சார்’ என்றால் வாங்குவாங்களா? கால்குலேட்டரை எடுங்கள். தடவைக்கு 2 சதவீதம் உலோகம் கரைந்து போவதாக வைத்துக்கொள்வோம். ஐந்து தடவைக்குப் பிறகு 90 சதவீதம் மிஞ்சும். ஐம்பது தடவைக்குப் பிறகு வெறும் 36!

அதுவும், வினையூக்கியைத் தாராளமாகப் போட்டு நேரத்தையும் தாராளமாக விட்டால், பாதி செத்த வினையூக்கிகூட நல்ல விளைச்சல் காட்டும். வினை பாதியில் இருக்கும்போது அளந்தால்தான் குட்டு வெளிப்படும். சூட்டோடு வடிகட்டி, வடிநீரில் வினை தொடருதான்னும் பார்க்கணும். தொடர்ந்தால், வேலை செய்வது கரைந்துபோன உலோகம்.

கரைந்த உலோகம் சாக்கடைக்குப் போகும், இல்லாவிட்டால் மருந்துக்குள் போகும். வாய்வழி மருந்து மூலம் ஒரு நாளைக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல் பல்லேடியம் உடம்புக்குள் போகக் கூடாது என்கிறது ஐ.சி.எச். நெறிமுறை.

பைனல் இயர் புராஜெக்டுக்கு நம்ம லேபிலேயே 4-நைட்ரோபீனால் வினையைச் செய்யலாம். சோடியம் போரோஹைட்ரைடு சேர்த்ததும் வரும் மஞ்சள் நிறம் எத்தனை நிமிஷத்தில் மறைகிறது என்று கலரிமீட்டரில் பார்த்தால் போதும். (சார் பக்கத்தில் இருக்கட்டும், ஹைட்ரஜன் வரும்!) ஒரே வினையூக்கியை ஐம்பது தடவை ஓட்டி கிராஃப் போடுவோம். கோடு எந்தத் தடவையில் மேலே ஏற ஆரம்பிக்கிறதோ, அதையும் மறைக்காமல் ரெக்கார்டில் ஏற்றுவோம்.