பீரோவில் பூட்டிய நட்பு

மதுரை புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்டது. செலவு 200 கோடி ரூபாய்க்கு மேல். குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஆகஸ்ட் 9 அன்று நாங்குநேரியில் ஒரு மாணவனைக் கூடப் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் விடவில்லை. காரணம் சாதி.

அது நெல்லைச் சங்கதி என்று மதுரை ஒதுங்கிக்கொள்ள முடியாது. மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தில் ஊரைச் சாதியால் இரண்டாகப் பிரித்து நின்ற சுவரில் வழி திறக்க 2008 மே மாதம் வரை ஆனது. மணிக்கட்டுக் கயிற்றின் நிறத்தைப் பார்த்து இவன் நம்மாள், அவன் வேற்றாள் என்று பிரிப்பது இந்த வட்டாரப் பிள்ளைகளுக்கும் தெரியும். 2019இல் பள்ளிக் கல்வித் துறை இதைத் தடுக்கச் சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்பு கிளம்பியதும் அமைச்சரே பின்வாங்கினார். நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் மறுபடியும் அதையே பரிந்துரைத்தது.

கயிற்றை அறுக்கச் சொன்னால் போதுமா? அறுத்தபின் மனத்தில் என்ன விதைக்கிறோம்? ஆறு வயதில் கையில் கிடைக்கும் படக் கதைக்கு இதில் பெரிய பங்கு உண்டு. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நிலை பிரித்து மெல்லிய நூல்களைப் பள்ளிகளுக்கு அனுப்பியது நல்ல காரியம்தான். ஆனால் பல பள்ளிகளில் புத்தகம் இருப்பது தலைமையாசிரியர் அறை பீரோவில். புரட்டிப் பார்த்தால் பக்கங்கள் புதுசு மாறாமல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கிழிந்தால், தொலைந்தால் தணிக்கையில் யார் பதில் சொல்வது என்ற பயம். நூலகப் பாடவேளையோ கணக்குப் பாடத்துக்குப் போய்விடுகிறது.

வெளியே வரும் நட்புக் கதைகளிலும் பெரும்பாலும் யானையும் எறும்பும்தான். பக்கத்துத் தெருப் பிள்ளை வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாமா என்ற கேள்விக்கு யானையா பதில் சொல்லும்? விஷ்ணுபுரம் சரவணன் ‘கயிறு’ என்ற சிறார் கதையில் அந்த மணிக்கட்டையே நேராகப் பேசியிருக்கிறார். எழுத ஆளில்லை என்ற சாக்கு இனி எடுபடாது. வாங்கிக் கொடுக்கத்தான் துணிச்சலில்லை.

கல்வித் துறையும் பொது நூலகத் துறையும் உடனே திருத்திக்கொள்ள வேண்டியவை மூன்று. ஒன்று, படக் கதைகள் பீரோவை விட்டு வகுப்பறைக்கு வர வேண்டும். படித்துக் கிழிந்த நூலுக்கு ஆசிரியரைப் பொறுப்பாக்கக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு வேண்டும். இரண்டு, சாதியையும் உடற்குறையையும் மதத்தையும் மழுப்பாமல் பேசும் கதைகள் கொள்முதல் பட்டியலில் ஏற வேண்டும். மூன்று, சொத்து வரியோடு நாம் கட்டும் நூலக வரியில் எழுமலை, பேரையூர், உசிலம்பட்டி நூலகங்களுக்குச் சிறார் நூல் எவ்வளவு போனது என்ற கணக்கை மக்கள் முன் வைக்க வேண்டும். எழுமலைப் பிள்ளை பேருந்து ஏறிப் புதுநத்தம் சாலைக்கு வந்துதான் நல்ல படக் கதை பார்க்க வேண்டும் என்பது அநியாயம்.

இவற்றில் எதற்கும் இன்னொரு 200 கோடி தேவையில்லை. இதைக்கூடச் செய்யாமல் இருந்துவிட்டு, அடுத்த அரிவாள் வெட்டுக்குப் பிறகு இன்னொரு குழு அமைத்து அனுதாப அறிக்கை விடுவதற்கு இந்தத் துறைகளுக்கு எந்தத் தகுதியும் கிடையாது.