காலிபருக்கு அடுத்த கணக்கு

அப்துல் கலாம் ஹைதராபாத் ஏவுகணை ஆய்வகத்தில் இருந்த காலம். நிம்ஸ் மருத்துவமனையில் சிறுவர்கள் காலில் மாட்டிய 3 கிலோ உலோகக் காலிபரை இழுத்து இழுத்து நடப்பதைக் கண்டார். அக்னி ஏவுகணைக்கான கூட்டுப்பொருளில் 300 கிராம் காலிபர் பிறந்தது. அந்தப் பெருமையை இன்னும் பேசுகிறோம், பேசலாம்தான். ஆனால் காலிபர் காலைத் தாங்குமே தவிர, தசையை அசைக்காது. அசைக்க வேறு வழி உண்டு. தண்டுவடம் அடிபட்டாலும் அடிபட்ட இடத்துக்குக் கீழுள்ள நரம்புகள் பெரும்பாலும் உயிரோடிருக்கும். மின்துடிப்பு கொடுத்தால் தசை சுருங்கும். பாதம் தொங்கிப்போனவர்களை மருத்துவர் லிபர்சன் 1961-லேயே இப்படி நடக்கவைத்தார்.

சிக்கல் களைப்பில் இருக்கிறது. உடல் தானாக இயங்கும்போது சிறு தசை இழைகளை முதலில் எழுப்பி, முறைவைத்து வேலை வாங்கும். மின்சாரத்துக்கு அந்த நாசூக்கு கிடையாது; சீக்கிரம் சோரும் பெரிய இழைகளையும் ஒன்றாக இழுத்துவிடும், தசை விரைவில் துவண்டுபோகும். எவ்வளவு மின்துடிப்புக்கு எவ்வளவு விசை, அது எப்போது சரியும் என்று கணிக்க, உடலியலாளர் ஏ.வி. ஹில் 1938-இல் தந்த தசை மாதிரியின் வழிவந்த சமன்பாடுகள் உண்டு. அவற்றில் போடவேண்டிய எண்கள்தான் ஆளுக்கு ஆள் மாறும்; மாதக்கணக்கில் அசையாத தசைக்கு இன்னும் வேறு. நோயாளியின் படுக்கையருகே அளந்தால்தான் கிடைக்கும். ஏவுகணைப் பாதையைக் கணிக்கும் ஊரில் கணக்குப் போட ஆளில்லை என்றால் யார் நம்புவார்? கந்தியில் உள்ள ஹைதராபாத் ஐ.ஐ.டி.யில் உயிர்மருத்துவப் பொறியியல் துறையே இருக்கிறது. அங்கே படிப்பவர்களை வாரம் ஒரு நாளாவது பிசியோதெரபி அறையில் உட்காரவைக்க வேண்டும்.