சர்வே எடுத்தவர் ஏன் திட்ட மேலாளர் ஆகவில்லை?

மும்பையின் மான்குர்த் மறுகுடியமர்த்தலைப் பார்க்க யார் வந்தாலும், கட்டடம் கட்டடமாக அழைத்துப்போய் விளக்கும் வேலை பெரும்பாலும் நடைபாதைவாசிப் பெண்கள் தொடங்கிய மகிளா மிலன் அமைப்பின் பெண்களிடமே விடப்படுகிறது. அவர்கள் பெயருக்குப் பின்னால் ஒரு பதவிப்பெயர் ஏன் இல்லை என்பதை நகர்ப்புற வீட்டு வசதிப் பணியில் இருக்கும் நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மும்பையின் பைகுல்லா நடைபாதைக் குடும்பங்களை ஸ்பார்க் அமைப்பு 1985இல் கணக்கெடுத்தது. அடுத்த ஆண்டே அங்குள்ள பெண்கள் மகிளா மிலனைத் தொடங்கினார்கள். வீடு வீடாகச் சென்று சேமிப்பு வசூலித்தார்கள். முழு அளவில் வீட்டு மாதிரிகளை நிறுத்தி, கூரை 14 அடி உயரம் இருந்தால் உள்ளேயே பரண் போட்டு இடத்தைப் பெருக்கலாம் என்று அதிகாரிகளுக்குக் காட்டினார்கள். பிறகு மும்பை நகர்ப்புறப் போக்குவரத்துத் திட்டத்துக்காக ரயில் பாதையோரக் குடும்பங்கள் மான்குர்தின் 225 சதுர அடி வீடுகளுக்கு வந்தபோது, குடிசைகளுக்கு எண் போட்டு, குடும்பங்களைச் சங்கங்களாகச் சேர்த்ததில் மகிளா மிலன் பெண்களின் உழைப்பு பெரிது.

கணக்கெடுப்பு, நிதி, வடிவமைப்பு, இடமாற்றம் எல்லாம் நம் துறையின் மையப் பணிகள். ஆனால் திட்ட ஆவணத்தில் இவற்றைச் செய்தவர் ‘சமூகத் தன்னார்வலர்’, கிடைப்பது மதிப்பூதியம். மேற்பார்வையாளர் பணியிடம் வந்தால் சமூகப் பணியில் முதுகலைப் பட்டம் (எம்.எஸ்.டபிள்யூ.) கேட்கிறோம். இருபது ஆண்டு களத்தில் நின்ற அக்காவிடம் வேலை பழகிய இளைஞர், ஒரே ஆண்டில் அவருக்கே மேலதிகாரி ஆகிறார். இது அநீதி. திட்டத்துக்கும் நட்டம்தான்.

வேறு வழி இருந்தது என்பதற்குப் புனே சாட்சி. அங்கே 1999இல் சமுதாயக் கழிப்பறைகள் கட்டும் பணி தொண்டு நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டபோது, மகிளா மிலன் பெண்கள் சிலர் ஒப்பந்ததாரர்களாகவே இறங்கினார்கள். பொருள் வாங்குவதும் கொத்தனாருக்குக் கூலி கொடுப்பதும் அவர்கள் பொறுப்பு. பணமும் கையெழுத்தும் கைக்கு வந்ததும் திறமை தானாக வெளியே தெரிந்தது.

சட்டம் கொஞ்சம் முன்னே போயிருக்கிறது. மும்பை மாநகராட்சியில் 2012 தேர்தல் முதல் பாதி இடங்கள் பெண்களுக்கு. கூட்டுறவுச் சங்க நிர்வாகக் குழுவிலும் இரண்டு இடம் உண்டு. ஆனால் இரவு ஒன்பதரைக்குக் கூட்டம் வைத்தால் அந்த இருவரும் அடுப்படியில்தான் இருப்பார்கள். செயலாளரும் பொருளாளரும் யார் என்று பாருங்கள். காசோலையில் கையெழுத்துப் போடுவது யார் என்றும் பாருங்கள்.

பட்டம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. களத்தில் கழித்த ஆண்டுகளையும் தகுதியாக எண்ணி, மதிப்பிட்டு, சான்று தரலாமே. அதற்கு உதவக்கூடிய டாட்டா சமூக அறிவியல் கழகம் மான்குர்துக்குப் பக்கத்துத் தேவனாரிலேயே இருக்கிறது. நிறுவனங்கள் அடுத்த நிதியாண்டுக்கான பணியிடப் பட்டியலை எழுதும்போது, சமூகத் தலைவர்களுக்கென்று குறைந்தது ஒரு மேலாளர் பணியிடத்தை, முழுச் சம்பளமும் வருங்கால வைப்பு நிதியும் சேர்த்து, முதல் வரியிலேயே எழுதுங்கள். நிதி கொடுப்பவர் மறுத்தால், அந்த மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.