நாடுகடத்தலும் காரணமும்: பிறேஸ்கேடில் வழக்கின் மறுபாதி

இலங்கையின் குடியேற்றவாத எதிர்ப்பு வரலாற்றை எழுதுவோரும் விரிவுரைப்போரும் 1937ஆம் ஆண்டுப் பிறேஸ்கேடில் விவகாரத்தைப் பெருமிதத்துடன் நினைவுகூர்வது வழக்கம். தனியொரு இளைஞனை நாட்டைவிட்டு வெளியேற்ற முனைந்த தேசாதிபதியை மக்களும் நீதிமன்றமும் தடுத்து நிறுத்தினர் என்பது அக்கதையின் சாரம். கதை பொய்யன்று. ஆயினும் அது பாதியிலே நிறுத்தப்படுகின்றது. நிறுத்தப்படும் இடம் தற்செயலாக அமைந்ததுமன்று.

மார்க் அந்தனி பிறேஸ்கேடில் இங்கிலாந்திற் பிறந்து அவுஸ்திரேலியாவிற் குடியேறியவர். 1936இல், மாத்தளைக்கு அண்மையில் மடுல்கலையிலுள்ள ரெலுகாஸ் தோட்டத்துக்குத் துரைப் பயிற்சிக்கென வந்தார். அங்கே துரைமார் தொழிலாளரை நடத்திய விதம் அவருக்குப் பொறுக்கவில்லை. தொழிலாளர் பக்கம் சாய்ந்தார், வேலை பறிபோயிற்று, லங்கா சமசமாஜக் கட்சியிற் சேர்ந்தார். 1937 ஏப்ரல் 3ஆந் திகதி நாவலப்பிட்டிக் கூட்டத்தில் அவர் ஆற்றிய உரை துரைமாரைக் கொதிப்படையச் செய்தது. வெள்ளைத் தோலுடைய ஒருவன் ‘கூலிகள்’ முன் நின்று வெள்ளையரைக் கண்டிப்பதிலும் பெருங்குற்றம் அவர்கள் அகராதியில் இருக்கவில்லை. தேசாதிபதி சேர் றெஜினோல்ட் ஸ்ரப்ஸ், 1896ஆம் ஆண்டுக் கோமறைக் கழகக் கட்டளை ஒன்றைத் தூசு தட்டி எடுத்து, நாற்பத்தெட்டு மணித்தியாலத்துள் வெளியேறுமாறு அவருக்கு ஆணையிட்டார்.

பிறேஸ்கேடில் தலைமறைவானார். மே 5ஆந் திகதி, அரசாங்க சபையில் என். எம். பெரேராவும் பிலிப் குணவர்தனாவும் கொணர்ந்த கண்டனத் தீர்மானம் 34க்கு 7 என்ற வாக்குகளால் நிறைவேறியது. காலிமுகத்திடலில் திரண்ட பெருங்கூட்டத்தின் மேடையில் அவர் திடீரெனத் தோன்றினார். கைதான பின் ஆட்கொணர்வு மனு உயர் நீதிமன்றத்தை எட்டியது, எச். வி. பெரேரா அவருக்காகத் தோன்றினார். மே 18ஆந் திகதி பிரதம நீதியரசர் ஏப்ரகாம்ஸ் தலைமையிலான மன்றம், அக்கட்டளை அவசரகால நிலைமைக்கே உரியது, அமைதிக் காலத்தில் ஒருவர் பேச்சை அடக்குதற்கு உரியதன்று எனக் கண்டு அவரை விடுவித்தது. ‘காரணம் யாது?’ என்று ஆட்சியாளனைக் கேட்கும் துணிவு அன்று இந்நாட்டிற்கு இருந்தது.

கதை இங்கே முடிக்கப்படுகின்றது. ஆயின் அவர் எவருக்காகப் பேசினாரோ அவர்கள் என்னவாயினர்?

மன்னாரிற் கரையிறங்கி, தம்புள்ளை, நாலந்தை வழியே காட்டுப் பாதையில் மாத்தளை வரை நடந்து வந்தோரின் சந்ததியினரே அவர்கள். அப்பாதையிலே மாண்டோரும் பலர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களிடம் தந்தை இலங்கையிற் பிறந்தமைக்கு, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தமைக்குச் சான்று கேட்டது. கேட்கப்பட்டது உழைப்பின் கணக்கன்று, பத்திரம். லயத்தின் இருட்டறையிற் பிறந்த பாட்டனுக்குப் பிறப்புப் பத்திரம் எங்கிருந்து வரும்? 1949ஆம் ஆண்டின் இந்திய, பாக்கிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் சென்றன. பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. 1953இல் கோமறைக் கழகம் இச்சட்டங்களில் இனப்பாகுபாடு இல்லை எனத் தீர்ப்பளித்தது.

இங்குள்ள தந்திரம் நுட்பமானது. பிறேஸ்கேடிலை வெளியேற்றுதற்குத் தேசாதிபதி ஒரு காரணம் காட்டவேண்டியிருந்தது. காட்டிய காரணம் மன்றில் தோற்றது. தொழிலாளரை வெளியேற்றுதற்கோ காரணமே தேவைப்படவில்லை. முதலில் அவரை அந்நியராக்கினாற் போதும். அந்நியர் என்பதே காரணமாகிவிடும். 1937இல் தேசாதிபதியும் பிறேஸ்கேடிலும் ரெலுகாஸ் தொழிலாளரும் ஒரே முடிக்குரிய பிரசைகளாயிருந்தனர் என்பதை ஈண்டு மறத்தலாகாது.

‘தன் பிரசை யார் எனத் தீர்மானிப்பது சுதந்திர நாட்டின் உரிமையன்றோ?’ எனச் சிலர் வினவுவர். உரிமையே. ஆனால், வெளியிலிருந்து வருவோனுக்குக் கதவைத் திறப்பதா மூடுவதா என்பது ஒன்று. வீட்டினுள்ளே தலைமுறைகளாக இருப்போனை வாசலுக்கு வெளியே நிற்பவனாகப் பாவித்தல் வேறொன்று. இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தமையே 1948இன் சாதனை.

சமசமாஜக் கட்சி அன்று பிரசாவுரிமைச் சட்டத்தை எதிர்த்தது. அதை மறைப்பது அறமன்று. எனினும் 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது அக்கட்சி அமைச்சரவையில் இருந்தது. பிறேஸ்கேடிலுக்காக 1937இல் கண்டனத் தீர்மானம் கொணர்ந்த என். எம். பெரேராவே நிதியமைச்சர். 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளப்படுவர் என்றாயிற்று. 1974இல் அந்த எச்சத்தையும் ஆளுக்கு 75,000 எனப் பங்கிட்டனர். சந்தையில் மூடை பிரிப்பவனும் மூடையின் வாயை அவிழ்த்துப் பார்ப்பான். தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற புகையிரதத்துக்கு மலையகம் ‘ஒப்பாரிக் கோச்சி’ எனப் பெயரிட்டது. அதற்காகக் காலிமுகத்திடல் நிறையவில்லை.

1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றது. நாடற்றோர் பிரச்சினையைத் தீர்க்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. அச்சட்டம் 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வதிந்த இந்திய வம்சாவளியினரையும் அவர்தம் சந்ததியினரையும் பிரசைகளாக ஏற்றது. ஒப்பந்தம் கைச்சாத்தான அதே நாள்.

பிறேஸ்கேடில் பெற்ற வெற்றியாவது நிலைத்ததா எனின், அதுவுமில்லை. 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவருவோர், குடியகல்வோர் சட்டம், பிரசையல்லாத ஒருவரை நாடுகடத்துவது பொதுநலனுக்கு உகந்ததென அமைச்சர் கருதினால் அதுவே போதுமான காரணம் என்கின்றது. ஸ்ரப்ஸிடம் இல்லாதிருந்தது இந்த ஒரு வாசகமே. தேசாதிபதிக்கு மறுக்கப்பட்டதைச் சுதந்திர இலங்கையின் பாராளுமன்றம் பதினொரே ஆண்டில் தன் அமைச்சருக்கு வழங்கிற்று.